மூட்டு புதிது, வலி பழையதா, புதியதா?

லான்செட் மருத்துவ இதழ் 2007இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு ‘நூற்றாண்டின் அறுவை சிகிச்சை’ என்று பட்டம் சூட்டியது. வெறும் புகழ்ச்சி என்று அதைத் தள்ளிவிட முடியாது. இரண்டு தெரு தாண்ட ஆட்டோ பிடித்தவர்களும், குனிந்து கால் நகம் வெட்ட முடியாதவர்களும், இரவில் புரண்டு படுக்கப் பயந்தவர்களும் சில மாதங்களில் கோயில் படி ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரைக்கு ஓராண்டு முன்பு, 2006இல், டென்மார்க்கிலிருந்து ஒரு கணக்கெடுப்பு வெளியாகியிருந்தது. அந்நாட்டின் இடுப்பு மூட்டுப் பதிவேட்டிலிருந்து, அறுவை முடிந்து ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆனவர்களை எடுத்து, ‘இப்போது அந்த இடுப்பில் வலிக்கிறதா?’ என்று கேட்டிருந்தார்கள். நூற்றுக்கு 28 பேர் ‘ஆம்’ என்றார்கள். அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு வலிப்பதாகச் சொன்னவர்கள் 12 பேர்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். இருபத்தெட்டு பேருக்கு வலி இருக்கிறது. ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதோடு ஒத்துப்போய்விட்டார்கள். பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் இதே போக்கில்தான் இருக்கிறது: மூன்று நான்கு ஆண்டுகள் கழித்தும் ஏதோ ஒரு வலி இருப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 27; கடுமையான வலி என்றவர்கள் 6. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, இடுப்பு மாற்றியவர்களில் 7 முதல் 23 விழுக்காடு வரை நீண்டகால வலியோடு இருப்பதாகச் சொன்னது. முழங்கால் மாற்றியவர்களிடம் அது 10 முதல் 34 வரை. அந்த வகையில் இடுப்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எண்கள் இப்படி விரிந்து கிடப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஆய்வும் ‘வலி’ என்று எதை எண்ணுவது என்பதை வேறுவேறாக முடிவு செய்துகொண்டதுதான். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு இருக்காது.

பத்தில் ஒருவர் என்பது ஆய்வாளருக்குச் சின்னக் கணக்கு. அந்த ஒருவரின் வீட்டில் நிலைமை வேறு. “அப்பா, டாக்டரே எல்லாம் சரியா இருக்குன்னுட்டாரே, இன்னும் என்ன வலி?” என்று மகன் கேட்பான். மறுபரிசோதனைக்குப் போனால் மருத்துவர் எக்ஸ்ரேயைத் திரையில் பார்த்துவிட்டு, “படம் நல்லா இருக்கு, நடங்க” என்பார். படம் நன்றாக இருப்பதும் வலி இருப்பதும் ஒன்றையொன்று பொய்யாக்குபவை அல்ல. இந்த எளிய உண்மையை வீடும் ஏற்பதில்லை, பல நேரங்களில் மருத்துவமனையும் ஏற்பதில்லை. நீடிக்கும் வலியைப் பற்றிய ஆய்வுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: ‘எவ்வளவு வலிக்கிறது’ என்ற கேள்விக்கு நாம் அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறோம். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்கிறோம். ‘இது அறுவைக்கு முன்பு இருந்த அதே வலியா, அல்லது புதிதாக வந்ததா? நடுவில் வலியே இல்லாத காலம் ஒன்று இருந்ததா?’ என்ற கேள்விகளே அதைவிட முக்கியமானவை. மூட்டு மறு அறுவை செய்யும் அனுபவசாலிகள் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

அதற்கு முன், ஆறும் வலி எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லா வலியும் பயமுறுத்தும்.

அறுவை அரங்கில் நடப்பதில் பெரும்பகுதி தச்சு வேலை. தொடை எலும்பின் தலையை ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார்கள். இடுப்பெலும்பில் அது உட்கார்ந்திருந்த குழியைக் கடைந்து உலோகக் கிண்ணத்தைப் பதிக்கிறார்கள். தொடை எலும்பின் உட்குழலை அரத்தால் ராவி, தண்டு ஒன்றைச் சுத்தியலால் இறக்குகிறார்கள். இதற்கு வழிவிடுவதற்காகத் தசைகள் விலக்கப்படுகின்றன, சில அறுத்துத் தைக்கப்படுகின்றன. ஆகவே முதல் சில வாரங்களில் தொடை முழுக்க வீங்குவதும், கன்றிய நீலம் முழங்கால் வரை இறங்குவதும், மாலையானால் கால் கனப்பதும் வியப்பல்ல. சிமென்ட் இல்லாமல் பதித்த மூட்டு என்றால் எலும்பு அதன் சொரசொரப்பான மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு வளர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

இந்தக் காலத்து வலி நேர்கோட்டில் குறைவதில்லை. நேற்று பரவாயில்லை, இன்று மறுபடி பிடித்துக்கொண்டது என்பார்கள். உறவினர் கல்யாணத்துக்குப் போய் நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் இரவு கடுக்கத்தான் செய்யும். பிசியோதெரபிஸ்ட்கள் பின்பற்றும் நடைமுறைக் கணக்கு ஒன்று இங்கே உதவும்: கூடுதலாக நடந்ததால் வந்த வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் நடையைக் குறைக்க வேண்டாம், இறங்கவில்லை என்றால் அளவு மீறிவிட்டது, இரண்டு நாள் சற்றுக் குறைத்து மறுபடி ஏற்றலாம். வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டால் முன்னேற்றம் தெரியும். நாளுக்கு நாள் ஒப்பிடுபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு, அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. இது நல்ல மாற்றம். ஆனால் இடுப்பு மூட்டைப் பொறுத்தவரை அந்த மூன்று மாதம் என்பது தீர்ப்பு நாள் அல்ல. பெரும்பகுதி வலி அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் ஓராண்டு வரை மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். மூன்றாம் மாதம் என்பது யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டிய நாள். அவ்வளவுதான்.

இனி, பழைய வலி. அறுவைக்கு முன்பு இருந்த வலி அப்படியே, அதே இடத்தில், அதே தன்மையில் தொடர்கிறது என்றால் முதலில் எழ வேண்டிய ஐயம் கொஞ்சம் சங்கடமானது: அந்த வலி இடுப்பு மூட்டிலிருந்துதான் வந்ததா? ‘இடுப்பு வலி’ என்று வருபவரிடம் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் முதுகின் அடிப்பகுதியைக் காட்டுவார்கள். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சில நேரம் முழங்காலில் மட்டுமே தெரிந்து, மாதக்கணக்கில் முழங்காலுக்கு மருத்துவம் நடந்திருக்கும். பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை ஓடும் வலி முதுகுத்தண்டிலிருந்து வரும் நரம்பு வலியாக இருக்கலாம். வயதானவர்களுக்கு இடுப்பும் முதுகும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். இந்த இரட்டைச் சிக்கலை 1983இலேயே ஆஃபியர்ஸ்கி, மக்நாப் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். மூட்டை மாற்றினால் அதன் பங்கு வலி போகும், முதுகின் பங்கு நிற்கும். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவைத்தால் நோயாளி ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்.

இந்தியாவில் இன்னொரு கோணமும் உண்டு. மேலை நாடுகளில் இந்த அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அறுபது எழுபது வயதில் மூட்டு தேய்ந்தவர்கள். இங்கே கணிசமானோர் முப்பது நாற்பதுகளில் இருக்கிறார்கள். காரணம், ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தொடை எலும்பின் தலை செத்துப்போகும் நோய். மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் ஏவிஎன் என்றே சொல்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்துகளும் குடியும் இதற்கு முக்கியக் காரணிகள். கோவிட் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களிடமும் இதைப் பார்த்தோம். இந்த நோய் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். ஒரு பக்கத்தை மாற்றிவிட்டு, ‘இன்னும் வலிக்கிறது’ என்று சொல்பவருக்கு வலிப்பது மாற்றாத மறுபக்கமாக இருப்பது உண்டு. புதிய கால் தேறும்வரை மற்றக் காலே பாரத்தைச் சுமக்கிறது, அதனால் அதன் வலி இன்னும் முந்திக்கொண்டு வரும். இளம் வயதில் மாற்றியவர்கள் வேலைக்கும் சீக்கிரம் திரும்பியாக வேண்டும். டெலிவரி வண்டி ஓட்டும் ஒருவருக்கு ‘மூன்று மாதம் ஓய்வு’ என்பது எழுதுவதற்கு எளிது.

புதிய வலிதான் மருத்துவரீதியாக வளமான பகுதி. அறுவைக்கு முன்பு இல்லாத வலிக்கு இடமும் நேரமும் சேர்ந்து பாதி விடையைச் சொல்லிவிடும்.

இடுப்பின் பக்கவாட்டில், அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கிறது, படி ஏறினால் கூடுகிறது என்றால் பெரும்பாலும் எலும்புத் துருத்தலைச் சுற்றியுள்ள தசைநாண்களும் அங்குள்ள நீர்ப்பையுமே காரணம். தொல்லை தரும், ஆனால் ஆபத்தில்லை. தொடை இடுக்கில், நாற்காலியிலிருந்து எழும்போதும் காரில் ஏறக் காலைத் தூக்கும்போதும் வெட்டி இழுக்கிறது என்றால், தொடையை மேலே தூக்கும் தசையின் நாண் கிண்ணத்தின் விளிம்பில் உரசுகிறதா என்று பார்ப்பார்கள். தொடையின் நடுப்பகுதியில் வலி என்றால் பேச்சு தண்டைப் பற்றியது. சிமென்ட் இல்லாத தண்டு பதித்த சிலருக்கு அதன் நுனி இருக்கும் இடத்தில் முதல் ஓரிரு ஆண்டுகள் வலி இருந்து தானாக அடங்கும். உலோகத்தின் விறைப்பும் எலும்பின் நெகிழ்ச்சியும் ஒத்துப்போகாததே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் உட்கார்ந்து எழுந்தவுடன் முதல் நான்கைந்து அடிகளில் சுரீரென்று பிடித்து, நடக்க நடக்கக் குறையும் வலி வேறு. அது தண்டோ கிண்ணமோ எலும்பில் பிடிக்காமல் தளர்ந்திருப்பதைக் காட்டலாம். பல ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டு இப்படித் தொடங்கினால் அலட்சியப்படுத்தக் கூடாது.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது ஓய்விலும் விடாத வலி. நடந்தால் மட்டும் வலிப்பது பெரும்பாலும் இயந்திரக் கோளாறு. படுத்தாலும் இரவிலும் வலிப்பது, அறுவை முடிந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட நிம்மதி இல்லாதது, புண் ஆறத் தாமதமானது, தையல் இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது ஆகிய இவை சேர்ந்தால் தொற்று இல்லை என்று நிரூபிக்கும்வரை அது தொற்றுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த அறுவையில் தொற்று ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வருகிறது. எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தச் சோதனைகள், ஐயம் வலுத்தால் மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுத்துச் சோதிப்பது என்பதே வழி. இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று கெடுதல் செய்கிறது. புண் கசிந்தால் தெருமுனைக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஐந்து நாள் போட்டுவிடுகிறோம். கசிவு நின்றுவிடும், தொற்று உள்ளே தங்கிவிடும், பிறகு நீர் எடுத்துச் சோதித்தாலும் கிருமி சிக்காது. அறுவை செய்த மருத்துவரிடம் காட்டாமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

காய்ச்சலோடு வலி கூடுவது, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகுவது, மூச்சு வாங்குவது, ‘டக்’கென்ற உணர்வோடு கால் குட்டையாகிப் பாதம் திரும்பிக்கொள்வது, நன்றாக நடந்தவர் ஊன்றவே முடியாமல் போவது. இவற்றுக்கு மறுபரிசோதனைத் தேதி வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றே போக வேண்டும்.

படம் நன்றாக இருந்தும் நோயாளி சொன்னதே சரியாகிப்போன பெரிய கதை ஒன்று உண்டு. அதன் வேர் இந்த அறுவையின் தொடக்க வரலாற்றிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானில் கிண்ணம் செய்து பதித்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, அதன் துகள்கள் மூட்டைச் சுற்றிய திசுவைப் புண்ணாக்கின. தன் தொடைக்குள்ளேயே அந்தப் பொருளை வைத்துப் பரிசோதித்துக்கொண்ட மனிதர் அவர். 1962இல் கெட்டியான பாலிஎதிலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு அங்கிருந்து பிறந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டிவந்தது. பிளாஸ்டிக் தேய்கிறது என்பதால் உலோகத்தின் மீது உலோகம் உராயும் மூட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தியாயிற்று. கோபால்ட், குரோமியத் துகள்கள் உதிர்ந்து தசையை அரித்தன, கட்டி போன்ற திசு வளர்ந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் கிண்ணமும் தண்டும் இருந்த இடத்தில் அழகாக இருந்தன. தொடை இடுக்கில் வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதை முதலில் பிடித்தது ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. இந்த மூட்டு பொருத்தியவர்களுக்கு மறு அறுவை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று 2007இலேயே அது காட்டிவிட்டது. ஸ்வீடனில் 1979 முதல் இடுப்புப் பதிவேடு இருக்கிறது. இந்தியாவில் அறுவை மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேட்டில் விருப்பமுள்ளவர் பதியலாம், கட்டாயம் இல்லை. அதன் விலை என்ன என்பது இந்த விவகாரத்தில் தெரிந்தது. இங்கே சுமார் 4,700 பேருக்கு ஏஎஸ்ஆர் பொருத்தப்பட்டது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு ஆராய்ந்தபோது அவர்களில் ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இழப்பீட்டுக் கணக்கை அரசு 2018இல் அறிவித்தது. யாருக்குக் கொடுப்பது?

இனி, எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் வலி நிற்காதவர்கள். இவர்களுக்குத்தான் நம்மிடம் மிக மோசமான பதில் இருக்கிறது: “எல்லாம் உங்க மனசுலதான்.” வலியைப் பற்றிய அறிவியல் இதை எப்போதோ தாண்டிவிட்டது. பல ஆண்டுகள் ஓயாமல் வலிச் செய்தி வந்துகொண்டிருந்தால் தண்டுவடமும் மூளையும் அந்தச் செய்திக்குக் கூர்மையாகிவிடுகின்றன. பிறகு சின்னத் தூண்டலும் பெரிதாகக் கேட்கும். மூல காரணம் போன பிறகும் அந்தக் கூர்மை உடனே மழுங்காது. கிளிஃபர்ட் வுல்ஃப் 1983இல் தண்டுவடத்தில் இதைச் சோதனையில் காட்டினார். முன்னே சொன்ன டென்மார்க் ஆய்விலும் ஒரு குறிப்பு இருக்கிறது: உடம்பில் வேறு இடங்களிலும் வலி இருந்தவர்களுக்கும், அறுவை முடிந்த முதல் நாட்களில் வலி கடுமையாக இருந்ததாக நினைவுகூர்ந்தவர்களுக்கும் பிற்காலத்தில் வலி நீடிப்பது அதிகமாக இருந்தது. அதாவது நீடிக்கும் வலியின் ஒரு பகுதி அந்த முதல் வாரத்திலேயே விதைக்கப்படுகிறதோ என்று எண்ண இடமிருக்கிறது. ‘ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோங்க’ என்ற அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

பதற்றமும் மனச்சோர்வும் வலியைக் கூட்டும் என்பது உண்மைதான். தூக்கமின்மையும் அப்படியே. ஆனால் அவை வலியைக் கற்பனையாக்குவதில்லை; வலியின் ஒலியைத்தான் கூட்டுகின்றன. மனநல ஆலோசனைக்கு அனுப்பும் மருத்துவர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினால் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு மருத்துவரை மாற்ற மாட்டார்கள். இன்னொரு வகையும் இருக்கிறது: எரிச்சல், கரண்ட் அடிப்பது போன்ற அதிர்ச்சி, எறும்பு ஊர்வது, துணி பட்டாலே கூசுவது. இது நரம்பு வலி. தொடையின் முன்பக்கம் வழியாக அறுவை செய்தவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத் தோல் மரத்துப்போவது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் மெல்லத் தேறிவிடும். நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது, அதனால் நோயாளி மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார்.

மாத்திரைகளுக்கு வருவோம். தொடக்க நாட்களுக்கு இரண்டு எளிய மருந்துகளை மணிக்கணக்குப்படி சேர்த்துக் கொடுப்பது எவ்வளவு பயன் தரும் என்பதை டென்மார்க்கின் ஆறு மருத்துவமனைகளில் 556 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 2019இல் ஜாமா இதழில் வந்தது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு முதல் நாளில் சராசரியாக 20 மில்லிகிராம் மார்ஃபின் போதுமானதாக இருந்தது. பாராசிட்டமால் மட்டும் எடுத்தவர்களுக்கு 36 தேவைப்பட்டது. வலி ஏறிய பிறகு மாத்திரை தேடுவதைவிட, ஏறுவதற்கு முன்பே வேளை தவறாமல் எடுப்பது நல்லது. ஆனால் இது முதல் நாட்களின் கதை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. சுகரும் பிரஷரும் இருக்கும் அறுபது வயதுக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். அறுவைக்குப் பின் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கும் வாரங்களில் கடைக்காரர் தரும் வலி மாத்திரை ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ட்ரமடால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். ப்ரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும். நள்ளிரவில் கலக்கத்தோடு கழிவறைக்கு எழுந்து விழுந்தால், புதிய தண்டைச் சுற்றியே எலும்பு உடையும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். மூட்டு வலிக்கென்று சிலர் விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்த அனுபவம் நம் ஊரில் உண்டு. ஸ்டீராய்டால் இடுப்பு போனவர் அறுவைக்குப் பிறகு அதே பொடியை வாங்கிச் சாப்பிடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

எண்ணெய் தேய்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். தழும்பு முழுதாக ஆறும்வரை அதன் மேல் எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு தொடைத் தசையில் இளஞ்சூட்டு எண்ணெயை மெல்லத் தடவினால் இதமாக இருக்கும், தப்பில்லை. காலைப் பிடித்துத் திருகி ‘நெட்டி எடுக்கும்’ வேலை மட்டும் கூடாது. பந்து கிண்ணத்தை விட்டு விலகிவிடும்.

உடற்பயிற்சியைப் பற்றி எழுத நினைத்தால் பக்கங்கள் போதாது. பெரும்பாலானவை நோயாளிக்கு மருத்துவமனையிலேயே சொல்லித் தந்தவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லலாம். பல ஆண்டுகள் தாங்கித் தாங்கி நடந்ததில் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் மெலிந்துவிட்டிருக்கும். மூட்டை ஒன்றரை மணி நேரத்தில் மாற்றலாம், தசையை மாற்ற முடியாது. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. கைத்தடியை அறுவை செய்த பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடித்தால் அந்தப் பாரம் கணிசமாகக் குறையும். பார்க்கும் பத்துப் பேரில் பாதிப் பேர் வலிக்கும் பக்கத்துக் கையில்தான் பிடித்திருக்கிறார்கள். தடியைச் சீக்கிரம் தூக்கிப்போடுவது வீரமும் அல்ல. நொண்டாமல் நடக்க முடிகிற நாளே தடியை விட வேண்டிய நாள். பயிற்சிக்கு தினமும் சென்டருக்குப் போக வழியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை பிசியோவிடம் அனுப்பி, மறுபாதியை வீட்டிலேயே தாமாகச் செய்யச் சொன்னது. முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒழுங்காகச் செய்தவர்களுக்கு, என்று நானே சேர்த்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அறுவையின் வெற்றியை அளக்க உலகம் பயன்படுத்தும் படிவங்களில் நம் வாழ்க்கை இல்லை என்பது என் குறைகளில் ஒன்று. 1969இல் வந்த ஹாரிஸ் மதிப்பெண் நூற்றுக்கு 44ஐ வலிக்கே ஒதுக்குகிறது. பிறகு செருப்பும் காலுறையும் போட முடிகிறதா, நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா, பேருந்தில் ஏற முடிகிறதா என்று கேட்கிறது. தரையில் உட்கார முடிகிறதா என்று கேட்பதில்லை. பின்புறமாக அறுவை செய்தவர்களுக்கு இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்ற கட்டுப்பாடு சில வாரங்கள் இருக்கும். இந்தியக் கழிவறை மட்டுமே உள்ள வீட்டில், சம்மணமிட்டுச் சாப்பிடும் வீட்டில், அது வாழ்க்கையையே மாற்றுவது. கம்மோடு நாற்காலி வாங்க வசதி இல்லாமல் பழைய கழிவறையிலேயே குந்தி, அதனால் தொடை இடுக்கில் வந்த வலியை வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வலிக்குக் காரணம் எந்தப் படத்திலும் தெரியாது. எப்படிக் குளிக்கிறீர்கள், எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டால் தெரியும்.

யார் கேட்பது? வழக்கமான மறுபரிசோதனை ஆறாவது வாரம், பிறகு ஓராண்டு. நடுவில்தான் வலி நிலைத்துப்போகிறது. பிரிட்டனில் முழங்கால் மாற்றியவர்களிடம் ஒரு முயற்சி செய்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள்: மூன்றாம் மாதத்தில் யாருக்கு வலி இருக்கிறது என்று விசாரித்து, அவர்களைத் தனியாக ஒரு மணி நேரம் பரிசோதித்து, காரணத்துக்கு ஏற்ப அறுவை மருத்துவரிடமோ பிசியோவிடமோ வலி மருத்துவரிடமோ மனநல உதவிக்கோ அனுப்பி, பிறகும் தொலைபேசியில் தொடர்ந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களின் வலி மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. பெரிய குறைவு அல்ல, ஆனால் உண்மையான குறைவு. இதில் புது மருந்தோ புது இயந்திரமோ எதுவும் இல்லை. காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக மூட்டை மாற்றும் மாநிலத்துக்கு, மூன்றாம் மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு கூடுதல் செலவாக இருக்க முடியாது.

கடைசியாக மறு அறுவை. வலி தாங்காமல் ‘திறந்து பார்த்துவிடுங்கள்’ என்று கெஞ்சுபவர்கள் உண்டு. தளர்வோ தொற்றோ உலோகத் தேய்வோ, தெளிவான காரணம் தெரிந்தால் மறு அறுவை பலன் தரும். காரணம் தெரியாத வலிக்காகத் திறந்தால் பெரும்பாலும் வலி அப்படியே இருக்கும். தழும்பும் பலவீனமும் கூடும். அப்படிப்பட்ட நிலையில் வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பது நம்பிக்கைத் துரோகம் அல்ல. போகும்போது அறுவைக் குறிப்பும், முதல் நாளிலிருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரேக்களும் வேண்டும். ஒரே படத்தைவிட இரண்டாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால்தான் தண்டு இறங்கியிருப்பது தெரியும். அதைவிட முக்கியம், பொருத்திய மூட்டின் நிறுவனம், மாதிரி, வரிசை எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர். அறுவை அன்று பெட்டியிலிருந்து உரித்துக் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் கவரிலேயே போட்டு வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் கேட்டால்தான் தருவார்கள்.